1998இல் தப்பு, 2008இல் மட்டும் சரியா? அரசு சந்தைக்குள் இறங்குவது பற்றி

தராசு:

ரொம்ப நாளாக மனசில் கிடக்கிற கேள்வி. ஆசியாவில் அரசு எல்லாவற்றிலும் கை வைக்கும், மேற்கில் சந்தை தன்பாட்டுக்கு ஓடும், அதனால்தான் அங்கே நிலைத்தன்மை, இங்கே அடிக்கடி ஆட்டம் என்று ஒரு பேச்சு கல்லூரிக் காலத்திலிருந்து காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. 1997ஐயும் 2008ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தப் பேச்சு நிற்கவே மாட்டேன் என்கிறது.

1997 ஜூலை 2ஆம் தேதி தாய்லாந்து தன் பாத் நாணயத்தைப் பிடித்து வைக்க முடியாமல் மிதக்க விட்டது. டாலருக்கு 25 என்று இருந்தது ஆறேழு மாதத்தில் 55ஐத் தாண்டியது. இந்தோனேசிய ரூபியா 2,400 அளவிலிருந்து அடுத்த வருடம் 16,000 வரை போனது. அப்போது ஐஎம்எஃப் (நெருக்கடியில் சிக்கிய நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் சர்வதேச நாணய நிதியம்) எழுதிக்கொடுத்த மருந்துச்சீட்டு என்ன? வட்டியை ஏற்று, அரசுச் செலவை வெட்டு, நொடித்த வங்கியை மூடு. தென் கொரியாவில் குறுகிய கால வட்டி 30 சதவீதத்தை நெருங்கியது. இந்தோனேசியாவில் நவம்பர் 1ஆம் தேதி ஒரே நாளில் 16 வங்கிகளை மூடினார்கள், அதுவும் சிறு டெபாசிட்டுக்கு மட்டும் உத்தரவாதம் கொடுத்து. ஜனங்கள் என்ன செய்வார்கள், மூடாத வங்கியிலும் போய்ப் பணத்தை எடுக்க ஆரம்பித்தார்கள்.

சரி, பதினோரு வருடம் கழித்து அமெரிக்காவுக்கே அந்தக் காய்ச்சல் வந்தது. 2008 செப்டம்பர் 15 லேமன் என்ற பெரிய முதலீட்டு வங்கி விழுந்தது. மறுநாளே ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்துக்கு 8,500 கோடி டாலர் கடன், பதிலுக்கு 79.9 சதவீதம் பங்கு அரசுக்கு. 19ஆம் தேதி 799 நிதி நிறுவனப் பங்குகளில் ஷார்ட் அடிக்க, அதாவது விலை விழும் என்று நம்பிக் கடன் வாங்கிய பங்கை விற்க, தடை. அக்டோபர் 3ஆம் தேதி 70,000 கோடி டாலர் மீட்புச் சட்டம். டிசம்பரில் வட்டி கிட்டத்தட்ட பூஜ்யம். ஆசியாவுக்குச் சொன்னதற்கு ஒவ்வொரு வரியும் நேர் எதிர். இரண்டில் ஒன்று தப்பாகத்தானே இருக்க வேண்டும்? எது என்று இங்கே இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

சிறகு:

ஒப்பீடு நியாயமாகத் தெரியவில்லை தராசு. ஆசியாவில் நோயே அரசுத் தலையீட்டால் வந்தது. கொரியாவில் எந்தக் குழுமத்துக்கு எவ்வளவு கடன் என்பதை வங்கி முடிவு செய்யவில்லை, மேலே இருந்து வந்த சொல்தான் முடிவு செய்தது. பெரிய குழுமங்களுக்குச் சொந்த முதலைப் போல நாலைந்து மடங்கு கடன். ஹன்போ என்ற எஃகு நிறுவனம் 1997 ஜனவரியிலேயே படுத்துவிட்டது, தாய்லாந்து விழுவதற்கு ஆறு மாதம் முன்னால். இரண்டு வருடம் கழித்து தேவூ குழுமம். "அரசு எப்படியும் கைவிடாது" என்கிற தைரியத்தில் வாங்கிய கடன்கள் இவை. அந்தத் தைரியத்தை உடைக்காமல் பணத்தை மட்டும் ஊற்றினால் அடுத்த பத்து வருடத்தில் அதே கதைதான் வரும். ஐஎம்எஃப் மருந்து கசப்புதான், மறுக்கவில்லை. ஆனால் நோய்க்கான காரணத்தை விட்டுவிட்டு மருந்தை மட்டும் திட்டுவது சரியில்லை.

தராசு:

சிறகு, ஹன்போ பற்றிச் சொன்னது உண்மை, ஏற்கிறேன். ஆனால் "அரசு கைவிடாது" என்கிற தைரியம் கொரியாவுக்கு மட்டும் சொந்தமா? ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்ற அமெரிக்க வீட்டுக்கடன் நிறுவனங்கள் இரண்டுக்கும் பின்னால் வாஷிங்டன் நிற்கிறது என்று நம்பித்தானே உலகமே அவற்றின் பத்திரங்களை வாங்கியது? 2008 செப்டம்பரில் அரசு அவற்றைக் கையில் எடுத்து அந்த நம்பிக்கையை மெய்யாக்கியது. எழுதப்படாத உத்தரவாதம் இரண்டு பக்கமும் இருந்தது.

பேரேடு:

வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் பல வருடம் இருந்தவன் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். நீங்கள் இருவரும் தலையீடு நல்லதா கெட்டதா என்று பேசுகிறீர்கள். எனக்கு அதற்கு முந்தின கேள்விதான் முக்கியம்: கடன் எந்த நாணயத்தில்?

அமெரிக்கா வாங்கும் கடன் டாலரில், அந்த டாலரை அடிப்பதும் அமெரிக்காதான். அதனால் நெருக்கடி வந்தால் வட்டியைக் குறைக்கலாம், பணத்தை அள்ளி இறைக்கலாம், உலகமே பயந்துபோய் மறுபடியும் டாலரைத்தான் வாங்கும். கொரியா வங்கிகள் வாங்கியிருந்த கடனும் டாலர், அதிலும் பாதிக்கு மேல் ஒரு வருடத்துக்குள் திருப்ப வேண்டியது. 1997 டிசம்பரில் கையில் எடுத்துச் செலவு செய்யக்கூடிய டாலர் 400 கோடி அளவுக்குத்தான் மிச்சம். வட்டியைக் குறைத்திருந்தால் அதுவும் அன்றைக்கே பறந்திருக்கும். அதற்காக 30 சதவீதம் சரி என்று சொல்ல வரவில்லை, அது நல்ல கம்பெனிகளையும் சேர்த்துக் கொன்றது. ஆனால் அமெரிக்காவுக்கு இருந்த வசதி கொரியாவுக்கு இல்லவே இல்லை. 2008இல்கூட, கொரியாவிடம் 20,000 கோடி டாலருக்கு மேல் கையிருப்பு இருந்தும் அதன் வான் நாணயம் சரிந்துகொண்டே இருந்தது. அக்டோபர் கடைசியில் அமெரிக்க மத்திய வங்கி வானை வாங்கிக்கொண்டு 3,000 கோடி டாலர் வரை தரும் மாற்று ஒப்பந்தம் போட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

நம் இந்தியாவின் கதையும் இதுதான். 1991இல் வெளிநாட்டுக் கையிருப்பு வற்றியபோது, இறக்குமதிக்கு எல்.சி. (விற்பவருக்கு வங்கி கொடுக்கும் பண உத்தரவாதக் கடிதம்) திறக்க வருகிறவரிடம் சரக்கு மதிப்பைப் போல இரண்டு மடங்கு வரை ரொக்கத்தை முன்னாலேயே கட்டுங்கள் என்று சொல்ல வேண்டிய நிலைமை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. சின்ன ஆலை, இயந்திரத்துக்கு உதிரிபாகம் வரவேண்டும், சுற்றறிக்கையை இரண்டு தடவை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பையை மூடிக்கொண்டு போனார். அந்த ஜூலையில் ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை இங்கிலாந்துக்கு விமானத்தில் அனுப்பிக் கடன் வாங்கியது எல்லோருக்கும் தெரியும்.

அதிகம் பேசப்படாதது இன்னொன்று. 1997இல் ரிசர்வ் வங்கி அமைத்த தாராபூர் குழு, மூலதனக் கணக்கை, அதாவது முதலீட்டுப் பணம் நாட்டுக்குள் வந்துபோகும் கதவை, மூன்று வருடத்துக்குள் முழுசாகத் திறந்துவிடலாம் என்று அறிக்கை கொடுத்தது. கொடுத்த அடுத்த மாதமே பாத் விழுந்தது. அறிக்கை அலமாரிக்குள் போனது. அந்தக் குழு நிபந்தனைகளோடுதான் சொன்னது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு ரெண்டு வருடம் முன்னால் திறந்திருந்தால் நாமும் அந்த வரிசையில் நின்றிருப்போம் என்றுதான் நினைக்கிறேன். கதவு மூடியிருந்ததால் தப்பித்தோம், அவ்வளவுதான்.

நெடுவழி:

மலேசியாவை விட்டுவிட்டீர்களே. அவர்கள் ஐஎம்எஃப் பக்கமே போகவில்லை.

தராசு:

ஆமாம் நெடுவழி, 1998 செப்டம்பர் 1ஆம் தேதி கதவைச் சாத்தினார்கள், மறுநாள் ரிங்கிட்டை 3.80இல் ஆணி அடித்து நிறுத்தினார்கள். உள்ளே வந்திருந்த வெளிநாட்டுப் பங்கு முதலீடு ஒரு வருடம் வெளியே போகக் கூடாது என்றார்கள், ஐந்தாறு மாதத்திலேயே அதைத் தளர்த்தி வெளியேறும் வரியாக மாற்றினார்கள். அப்போது பொருளாதார உலகமே இவர்கள் இனி எழுந்திருக்க மாட்டார்கள் என்றது. எழுந்தார்கள். 2005 ஜூலையில் அந்த ஆணியையும் பிடுங்கினார்கள். அப்புறம் 2008இல் ஐஸ்லாந்து என்ன செய்தது? அதே மூலதனக் கட்டுப்பாடு, இந்தத் தடவை ஐஎம்எஃப் திட்டத்துக்குள்ளேயே. 2017 வரை நீடித்தது. 2012இல் ஐஎம்எஃப் தன் கொள்கையையே திருத்தி, சில நிலைமைகளில் இது நியாயமான கருவிதான் என்று ஏற்றுக்கொண்டது.

ஆனால் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது ஹாங்காங். விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அரசு தலையிடாத சந்தைக்கு உலகமே காட்டிய உதாரணம் அந்த ஊர்தான்.

ஹாங்காங் டாலர் அமெரிக்க டாலரோடு கட்டப்பட்டது. யாராவது ஹாங்காங் டாலரை மொத்தமாக விற்றால், அந்தக் கட்டு விதிப்படி ஊரில் பணப்புழக்கம் தானாகச் சுருங்கும், வட்டி ஏறும். வட்டி ஏறினால் பங்குச் சந்தை விழும். 1998இல் சில பெரிய நிதிகள் கண்டுபிடித்த வழி இதுதான்: ஹாங்காங் டாலரை முன்கூட்டியே கடனாக வாங்கிச் சேர்த்து வைப்பது, பங்குக் குறியீட்டில் ஃபியூச்சர்ஸை (பின்னால் வரும் ஒரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தத்தை) ஷார்ட் அடித்து வைப்பது, அப்புறம் நாணயத்தைக் கொட்டி விற்பது. நாணயக் கட்டு உடைந்தால் அங்கே லாபம். உடையாவிட்டாலும் வட்டி ஏறிப் பங்கு விழும், இங்கே லாபம். எந்தப் பக்கம் போனாலும் தோற்காத ஆட்டம்.

ஆகஸ்ட் 13ஆம் தேதி ஹாங் செங் குறியீடு 6,660க்கு இறங்கியது. மறுநாள் அரசே சந்தைக்குள் இறங்கிப் பங்கு வாங்க ஆரம்பித்தது. ரகசியமில்லை, நிதிச் செயலர் டொனால்ட் சாங் வெளிப்படையாகவே அறிவித்தார். இரண்டு வாரம், குறியீட்டில் இருந்த 33 நிறுவனங்களின் பங்குகள், மொத்தம் 11,800 கோடி ஹாங்காங் டாலர். ஆகஸ்ட் 28 அந்த மாத ஃபியூச்சர்ஸ் முடிகிற நாள். அன்றைக்கு மட்டும் 7,900 கோடிக்கு வியாபாரம். எதிர்ப்பக்கம் விற்க விற்க, அரசுத் தரப்புத் தரகர்கள் வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். முடிவில் 7,829. ஷார்ட் அடித்தவர்கள் நஷ்டத்தோடு கணக்கை முடித்தார்கள், இல்லாவிட்டால் கூடுதல் செலவு செய்து அடுத்த மாதத்துக்குத் தள்ளினார்கள்.

அப்போதைய அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் கிரீன்ஸ்பான் உட்படப் பலர் இதைக் கண்டித்தார்கள். ஆனால் அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். வாங்கிய பங்குகளை அரசு தன் பெட்டியில் வைத்துக்கொண்டு கம்பெனிகளை ஆட்டிப்படைக்கவில்லை. தனி அமைப்பிடம் ஒப்படைத்து, 1999 நவம்பரிலிருந்து டிராக்கர் ஃபண்ட் என்ற பெயரில் கொஞ்சம் கொஞ்சமாகப் பொதுமக்களுக்கே விற்றது, லாபத்தோடு.

சிறகு:

இப்போது நீங்களே என் பக்கம் வருகிறீர்கள். ஹாங்காங் வெளியே வந்தது, அதனால் பிழைத்தது. உள்ளே போனவர்களில் எத்தனை பேர் அப்படி வெளியே வந்தார்கள்?

ஜப்பானைப் பாருங்கள். 1989 டிசம்பர் 29ஆம் தேதி நிக்கேய் பங்குக் குறியீடு 38,915. அந்த உயரத்தை மறுபடி தொட 2024 பிப்ரவரி ஆனது, 34 வருடம். குமிழி உடைந்தபோது செத்த கம்பெனிகளைச் செத்ததாக அறிவிக்க யாருக்கும் மனசு வரவில்லை. பழைய கடனுக்கு வட்டி கட்டப் புதுக் கடன் கொடுத்து வங்கிகள் அவற்றை நடமாட விட்டன, அரசும் கண்டும் காணாமல் இருந்தது. உயிருள்ள கம்பெனிக்குப் போக வேண்டிய பணம் பிணத்துக்குப் போனது. அப்புறம் 2010இலிருந்து ஜப்பான் மத்திய வங்கியே இடிஎஃப் (பல பங்குகளை ஒன்றாகக் கட்டிய நிதி) வழியாகப் பங்குச் சந்தையில் வாங்க ஆரம்பித்தது. வாங்குவதை நிறுத்த 2024 ஆனது. 2025 செப்டம்பரில் ஒருவழியாக விற்கப் போகிறோம் என்றார்கள், அறிவித்த வேகத்தில் போனால் விற்று முடிக்க நூறு வருடத்துக்கு மேல் ஆகும் என்று அதன் ஆளுநரே சொன்னார். ஹாங்காங் பதினான்கு நாளில் வாங்கியதையும் இதையும் ஒரே பெயரில் அழைக்கவே தயக்கமாக இருக்கிறது.

சீனா? 2008 நவம்பரில் 4 லட்சம் கோடி யுவான் திட்டம். உலகம் கைதட்டியது, வளர்ச்சியும் விழவில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி உள்ளாட்சிகள் தனிக் கம்பெனி வைத்து வாங்கிய கடனாக, நிலத்திலும் கட்டடத்திலும் போய் உட்கார்ந்தது. 2020இல் வீட்டு நிறுவனங்களுக்கு மூன்று சிவப்புக் கோடுகள் என்று கடன் வரம்பு போட்டதும் எவர்கிராண்டே தள்ளாடியது. 30,000 கோடி டாலருக்கு மேல் பாக்கி, 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. முன்பணம் கட்டிவிட்டு முடியாத கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற குடும்பங்களுக்கு எந்த நிலைத்தன்மை கிடைத்தது?

பனங்கூடல்:

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டு இருந்தேன், எங்கட நாட்டைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. இலங்கையில் அரசாங்கம் தலையிட்ட விதத்தை அனுபவித்தவள் என்பதால் எழுதுகிறேன்.

2019 கடைசியில் வற் என்ற மதிப்புக்கூட்டு வரியை 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்துக்குத் தடை. டொலர் போதாமல் போனபோது விலையை ஏற விடாமல் 203 ரூபாயில் பிடித்து வைத்தார்கள். வங்கியில் 203, வெளியில், வங்கி இல்லாமல் காசு அனுப்பித் தருகிற உண்டியல்காரர் அதைவிட எவ்வளவோ கூடத் தருவார். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற எந்த வீட்டில் வங்கிக்கு அனுப்பச் சொல்வார்கள்? காசு வந்தது, ஆனால் டொலர் நாட்டுக்குள் வரவில்லை. அந்த நிலைமையிலும் 2022 ஜனவரியில் 50 கோடி டொலர் கடன் பத்திரத்துக்குக் கட்டினார்கள். ஏப்ரல் 12ஆம் திகதி இனிக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். மே மாதம் கையில் 5 கோடி டொலர்கூட இல்லை என்று நிதியமைச்சரே பாராளுமன்றத்தில் சொன்னார்.

அந்த 50 கோடி கையில் இருந்திருந்தால் எத்தனை கப்பல் எரிவாயு வந்திருக்கும் என்று நான் வரிசையில் நின்றபோதே கணக்குப் பார்த்திருக்கிறேன். விடிய மூன்று மணிக்கு வெறும் சிலிண்டரைக் கொண்டுபோய்ச் சங்கிலியால் மற்றச் சிலிண்டர்களோடு கட்டிவிட்டு வருவோம், ஆளுக்குப் பதிலாகச் சிலிண்டர் நிற்கும். காலையில் லொறி வராது என்று செய்தி வந்தாலும் ஒருவரும் அவிழ்த்துக்கொண்டு போக மாட்டார்கள், இடம் போய்விடுமே. அம்மா விறகடுப்புக்குத் திரும்பிப் போனா, இருமல் அதோடு தொடங்கியது. பிறகு பெற்றோலுக்குக் கியூஆர் குறியீட்டுப் பங்கீடு வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நான்கு லீற்றர் முறைதான் முதல்முதல் எங்களுக்கு நிம்மதி தந்த தலையீடு. எவ்வளவு, எப்போது, ஆருக்கு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தராசு:

பனங்கூடல், நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என் முதல் கேள்வியையே மாற்ற வேண்டியிருக்கிறது. ஆசியாவா மேற்கா என்பது இதில் ரெண்டாம் பட்சம். 203இல் பிடித்து வைத்ததும் 3.80இல் ஆணி அடித்ததும் பார்க்க ஒன்றுபோலத் தெரியும். ஆனால் மலேசியா விழுந்த விலையில், சந்தையை ஒட்டிப் பிடித்தது, கதவையும் சேர்த்துச் சாத்தியது. இலங்கை விழாத விலை ஒன்றைக் கற்பனை செய்து பிடித்தது.

கீழ்வானம்:

ஆசியா, மேற்கு என்ற அந்தப் பிரிவினை தப்பு என்பதற்கு இன்னொரு சாட்சி 2020. அப்போது நான் சிங்கப்பூரில் வேலையில் இருந்தேன். ஏப்ரல், மே மாதங்களில் உள்ளூர் ஊழியர்களின் சம்பளத்தில் முதல் 4,600 வெள்ளியில் (சிங்கப்பூர் டாலர்) 75 சதவீதத்தை அரசு முதலாளிக்கே கொடுத்தது, ஆளை வேலையிலிருந்து எடுக்காதே என்று. ஜெர்மனியில் இதே யோசனை ரொம்பப் பழசு, குறுவேலைத் திட்டம் என்று வைத்திருக்கிறார்கள், அந்த ஏப்ரலில் சுமார் 60 லட்சம் பேர் அதில் இருந்தார்கள். பிரிட்டனிலும் சம்பளத்தில் 80 சதவீதம். அமெரிக்காவிலும் சிறு நிறுவனங்களுக்குச் சம்பளக் கடன் கொடுத்தார்கள், ஆனால் அழுத்தம் வேறு பக்கம்: ஆளுக்கு 1,200 டாலர் காசோலையும் கூடுதல் வேலையின்மைப் படியும். ஏப்ரலில் அங்கே வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியது. இதில் சிங்கப்பூருக்குப் பக்கத்து வீடு ஜெர்மனி, அமெரிக்கா வேறு தெரு.

பேரேடு:

கீழ்வானம் சொன்னது நல்ல கோணம். இதோடு செலவை யார் தலையில் வைத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1998 தொடக்கத்தில் கொரிய ஜனங்கள் கல்யாண மோதிரத்தையும் குழந்தையின் முதல் பிறந்தநாள் மோதிரத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சுமார் 35 லட்சம் பேர், 227 டன். உருக்கி விற்றதில் 200 கோடி டாலருக்கு மேல் வந்தது. ஐஎம்எஃப் ஏற்பாடு செய்த மொத்த உதவி 5,800 கோடி அளவு, அதன் பக்கத்தில் இது சின்னத் தொகைதான். ஆனாலும் அந்த நாட்டு மனிதர்கள் கடனைத் தங்கள் கடனாக எடுத்துக்கொண்டார்கள், 2001 ஆகஸ்டிலேயே, கெடுவுக்கு மூன்று வருடம் முன்னால், ஐஎம்எஃப் பாக்கி தீர்ந்தது. 2009 மார்ச்சில் ஏஐஜியில் என்ன நடந்தது? கம்பெனியைக் கவிழ்த்த அதே பிரிவுக்கு 16.5 கோடி டாலர் போனஸ், வரிப்பணத்தில் பிழைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதைக் கேட்டபோது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சிறகு:

அதில் நானும் உங்களோடுதான். தோற்றவன் நஷ்டப்பட வேண்டும் என்பதுதான் சந்தையின் அடிப்படை, அதை மேற்கே மீறியது. ஆனால் ஏஐஜியில் போட்ட பணத்தை 2012க்குள் அரசு லாபத்தோடு எடுத்துவிட்டது, ஜெனரல் மோட்டார்ஸில் 1,000 கோடி டாலருக்கு மேல் நஷ்டமானாலும் 2013இல் வெளியே வந்துவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் ஆர்பிஎஸ் வங்கியில் 4,550 கோடி பவுண்டு போட்டது, கடைசிப் பங்கை விற்க 2025 மே ஆனது. பதினேழு வருடம், அதுவும் நஷ்டத்தில்.

தராசு:

எனக்கு இப்போது பயம் தருவது புதுத் தலையீடுகள்தான். 1987இல் தைவான் அரசு டிஎஸ்எம்சி என்ற சிப் தயாரிக்கும் நிறுவனத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பங்கு போட்டது. தொழில் காலூன்றக் காலூன்ற அதைக் குறைத்து இன்று ஆறு சதவீதச் சொச்சத்தில் நிற்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு 890 கோடி டாலருக்கு இன்டெலில் சுமார் 10 சதவீதம் எடுத்தது. எந்த நிலைமை வந்தால் விற்போம் என்று தெளிவாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் எதிர்க்க மாட்டேன். உள்ளே போகும்போதே வெளியே வரும் வாசலைக் காட்டாத தலையீட்டை, சிங்கப்பூர் செய்தாலும் வாஷிங்டன் செய்தாலும், நம்ப எனக்கு மனசு வரவில்லை. பனங்கூடல், உங்கள் பக்கம் அந்த இறக்குமதித் தடைகளெல்லாம் எடுத்தாயிற்றா?

பனங்கூடல்:

மற்றதெல்லாம் படிப்படியாக எடுத்துவிட்டார்கள் தராசு அண்ணா. வாகனத்துக்குத்தான் கடைசியாகத் திறந்தார்கள். 2020 மார்ச்சில் தற்காலிகம் என்று நிறுத்தினது, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் விட்டார்கள். அந்த ஐந்து வருடத்துக்குள் எங்கட அயலில் ஒருவர் பத்து வருடம் ஓடின வானை வாங்கின விலையைவிடக் கூடுதலாக விற்றார். வாங்கினவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர், வேறு வழியில்லாமல் கடன் எடுத்து வாங்கினார். புதுசு வரத் தொடங்கின பிறகும் அவர் அந்தப் பழைய வானுக்குத்தான் மாதாமாதம் கட்டிக்கொண்டு இருக்கிறார்.